ஏட்டின் வழியே ஒரு மக்களினம்: சீகன்பால்குவின் நூற்பட்டியல்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் நாடுவது அந்நாட்டை ஆண்டவர்களின் ஆவணங்களையே. வரி, போர், உடன்படிக்கை, தண்டனை ஆகியவை அவற்றில் ஒழுங்காகப் பதிந்திருக்கும். ஆனால் ஆண்டவர் ஒரு மொழியினரும் ஆளப்பட்டவர் வேறொரு மொழியினருமாய் இருந்துவிட்டால், அவ்வாவணங்கள் உண்மையின் ஒரு பாதியையே கூறும். அம்மக்கள் எதை எண்ணி அழுதனர், தம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தனர், கடவுளை எப்பெயரால் அழைத்தனர் என்பவற்றை அறிய அவர்கள் போற்றிய நூல்களைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.

இதற்கு ஐரோப்பாவின் கிழக்கே வாழும் பெலாரஸ் மக்கள் ஒரு நல்ல சான்று. அவர்கள் லித்துவேனியப் பெருங்கோமகனின் ஆட்சியிலும், பின்னர்ப் போலந்தின் செல்வாக்கிலும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உருசியப் பேரரசின் கீழும் வாழ்ந்தவர்கள். 1588ஆம் ஆண்டின் லித்துவேனியச் சட்டத்தொகுப்பு அம்மக்களின் பழைய எழுத்துமொழியிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் 1696இல் அம்மொழி அரசு அலுவல்களிலிருந்து நீக்கப்பட்டு, போலிஷ் மொழி அவ்விடத்தைப் பெற்றது. அரசு ஏடுகளிலிருந்து மறைந்துபோன ஒரு மொழியைப் பின்தொடர விரும்புபவருக்கு நூல்களே வழித்துணை. அந்நூல்களின் வரிசையில் முதலாவதாய் நிற்பது நமக்கு அந்நியமான நூலன்று. பொலோட்ஸ்க் நகரத்தவரும், பதுவா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றவருமான பிரான்சிஸ்க் ஸ்கரீனா 1517இல் பிராக் நகரில் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டார். 1519ஆம் ஆண்டிற்குள் பழைய ஏற்பாட்டு நூல்கள் பலவற்றைத் தம் மக்களுக்கு விளங்கும் முகவுரைகளோடு வெளியிட்டார். லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522இல்தான் வெளிவந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். (ஸ்கரீனா தம் உருவப்படத்தையும் தம் திருமறைப் பதிப்பினுள் அச்சிட்டுக்கொண்டார். அத்துணிவு நம் மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் வந்ததில்லை.) 1562இல் நெஸ்விஷ் நகரில், அந்நாளில் சீர்திருத்தச் சபையின் போதகராயிருந்த சிமோன் புட்னி, அம்மக்களின் மொழியில் ஒரு ஞானோபதேச நூலை அச்சிட்டார். அம்மொழியில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் ஒரே நூலாக வெளிவந்தது 1931இல். அதனை மொழிபெயர்த்தவர்கள் லூக்கா ஜெகுட்ஸ்-மலேய் என்ற பாப்திஸ்து போதகரும், அந்தோன் லுட்ஸ்கேவிச் என்ற அறிஞரும் ஆவர். பிரிட்டிஷ் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் அதனை ஹெல்சிங்கியில் வெளியிட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் லுட்ஸ்கேவிச் சோவியத் காவலரால் கைது செய்யப்பட்டார். அதற்கு முன்பே, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவில் மின்ஸ்க் நகரில் பெலாரஸ் எழுத்தாளரும் அறிஞருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். 2015இல் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் நோபல் பரிசு பெற்றபோதுதான் அந்நாட்டின் பெயர் நம்மில் பலருடைய செவிக்கு எட்டியது. அவரும் உருசிய மொழியிலேயே எழுதுபவர் என்பது அவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இவ்வாறு நூல்களின் வழியாய் ஒரு மக்களைத் தேடிச் செல்லும் முறையைத் தமிழ் மக்களிடத்தில் முதன்முதலாகத் திட்டமிட்டுக் கையாண்ட ஐரோப்பியர்களுள் ஒருவர் நம் திருச்சபை வரலாற்றில் நன்கு அறியப்பட்டவரே. பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பாளராகவும், தரங்கம்பாடி அச்சகத்தின் நிறுவனராகவும் நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அவர் ஒரு நூற்பட்டியலின் ஆசிரியர் என்பதை மட்டும் நம் சபைகளில் எவரும் சொல்லக் கேட்பதில்லை. ஆயின் மற்றப் பணிகளெல்லாம் அப்பட்டியலைத் தொடர்ந்தே வந்தன என்பதுதான் இக்கட்டுரையில் காட்ட விரும்புவது.

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 24. தமிழ் கற்பதற்கு இலக்கண நூலோ அகராதியோ அவர் கையில் இல்லை. எனவே முதிய பள்ளியாசிரியர் ஒருவரை அழைத்து, அவருடைய திண்ணைப்பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அவ்வாசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. இவ்விருவருக்கும் இடையே பாலமாய் அமைந்தவர் அழகப்பன். டேனிஷ், போர்த்துக்கீசியம், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை அறிந்த துபாஷி அவர். இவரைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

எழுத்தறிந்தபின் அவர் மேற்கொண்ட கால அட்டவணை 1708ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலிருந்து நமக்குத் தெரியவருகிறது. அதிகாலை வழிபாடும் ஞானோபதேசமும் முடிந்தபின் காலை ஏழு மணிமுதல் ஒரு மணி நேரம் தாம் எழுதி வைத்த சொற்களைத் திரும்பப் படிப்பார். எட்டு மணிமுதல் நண்பகல்வரை தமிழ் நூல்களையே வாசிப்பார். பக்கத்தில் ஒரு முதிய புலவர் அமர்ந்து கடினமான இடங்களை விளக்குவார். எழுத்தர் ஒருவர் புதிய சொற்களை ஏட்டில் பொறிப்பார். உண்ணும்போதும் ஒருவர் வாசிக்க அவர் கேட்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்துவரை மீண்டும் நூல்கள். இருள் சூழ்ந்தபின் கண்களுக்கு ஓய்வளிக்கும்பொருட்டு வேறொருவரை வாசிக்கச் செய்து செவியால் கற்பார். ஒரே நூலைப் பலமுறை வாசித்து, அதில் தமக்கு விளங்காத சொல் எதுவும் இல்லை என்றான பின்னரே அடுத்த நூலை எடுப்பார். நம் இறையியல் மாணவர் இவ்வட்டவணையை ஒரு வாரமேனும் பின்பற்றிப் பார்க்கலாம் என்று கூற ஆசைதான், ஆயினும் வலியுறுத்தவில்லை.

இவ்வாறு ஈராண்டுக் காலம் வாசித்ததன் பயனே, 1708ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் எழுதி முடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய ‘மலபார் நூல்நிலையம்’ என்னும் பட்டியல். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை ‘மலபார்’ மொழி என்றே அழைத்தனர். அப்பட்டியலில் லூத்தரன் நூல்கள், கத்தோலிக்க நூல்கள், தமிழரின் சமய நூல்களும் பிறவும், இஸ்லாமிய நூல்கள் என நான்கு பகுதிகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் பகுதியே மிகப் பெரியது; அதில் 119 நூல்கள் இடம்பெறுகின்றன. இலக்கணம், நீதி, புராணம், காதற்பாடல், சித்தர்பாடல் எனப் பலவும் அதில் உண்டு. திருக்குறளும் சிவவாக்கியமும் கொன்றைவேந்தனும் அதில் உள்ளன. வெறும் பெயர்களை அடுக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், பொருள், மக்கள் அதனை எவ்வாறு மதிக்கின்றனர், எளிதிற் கிடைக்குமா என்பனவற்றையும் தம் கருத்தையும் சேர்த்தே எழுதினார்.

இந்நூல்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். தம் எழுத்தரை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, பிராமணக் குடும்பங்களின் கைம்பெண்களிடமிருந்து மிகக் குறைந்த விலைக்கு ஏடுகளை வாங்கச் செய்தார். கணவன் போற்றிய ஏட்டைப் பிழைப்புக்காக விற்கவேண்டிய நிலையில் இருந்த ஒரு பெண்ணின் வறுமை, நம் திருச்சபையின் முதல் தமிழ் நூல்நிலையத்தின் அடித்தளத்தில் கிடக்கிறது. இதை வாசிக்கும்போது உள்ளத்தில் ஒரு நெருடல் எழத்தான் செய்கிறது. சீகன்பால்குவுக்கு அது எழுந்ததாகத் தெரியவில்லை. கத்தோலிக்க நூல்களும் அவருக்குப் பேருதவி புரிந்தன. இயேசு சபையார் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் வளர்த்துவந்த கிறிஸ்தவச் சொற்களை அவர் அவற்றிலிருந்தே கற்றார். கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட ‘சர்வேசுரன்’ என்னும் சொல் அவ்வழியே வந்தது. பின்னர் பப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றும், பவர் ‘தேவன்’ என்றும் மாற்றிய வரலாற்றை இறையியல் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். சமயப் பகைமை மிகுந்த அந்நாளில் முதல் லூத்தரன் தொண்டர் தம் கடவுட் சொல்லையே கத்தோலிக்க ஏட்டிலிருந்து பெற்றார் என்பதையும் அதனுடன் சேர்த்துக் கற்பிப்பது நன்று.

நூல்கள் அவரை என்ன செய்தன? இதுவே நம் முதன்மையான வினா. தாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில், ஏனைய ஐரோப்பியரைப் போலவே, தமிழர் கல்வியும் நல்லொழுக்கமும் அற்றவர் என எண்ணியிருந்ததாகவும், மொழியைக் கற்று நூல்களை வாசித்தபின் அவ்வெண்ணம் தவறென உணர்ந்ததாகவும் அவர் ஐரோப்பிய வாசகருக்கு எழுதினார். அதனை மெய்ப்பிக்கும்பொருட்டு அதே 1708ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். வேதம் அறியாத மக்களிடத்தும் இயற்கை அறிவினால் விளைந்த அறநெறி உண்டென்பது அவர் வாதம். ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை விளக்கவுரைகளில் மட்டும் வாசித்தவரன்று அவர். கொன்றைவேந்தனை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தவர்.

எனினும் அவரை நம் நூற்றாண்டின் சமய உரையாடலாளராக்கிக் காட்டுவதும் பிழை. அவர் சிலை வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தவர். 1711இல் எழுதிய ‘மலபார்ப் புறச்சமயம்’ என்ற நூலில் சிவவாக்கியத்தை அவர் அடிக்கடி எடுத்தாளுகிறார். சிலை வழிபாட்டையும் சடங்கையும் கண்டித்த அச்சித்தரின் பாடல்கள் அவருக்குப் படைக்கலமாய்ப் பயன்பட்டன. ஒருவர் பிற சமயத்தாரின் நூலை வாசிக்கும்போது இருவகை நோக்கங்கள் உண்டு: அவரோடு வாதிடுவதற்கு வாசித்தல், அவரை அறிந்துகொள்வதற்கு வாசித்தல். சீகன்பால்குவிடம் இவ்விரண்டும் கலந்தே இருந்தன. வாதத்துக்கு உதவும் நூல்களை மட்டும் தேடியிருந்தால் 119இல் பத்தே அவருக்குப் போதுமானவை. எஞ்சியவற்றை அவர் வாசித்ததற்கு ஆர்வம் என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அப்பட்டியலில் இல்லாதவையும் நமக்குச் செய்தி கூறுகின்றன. சங்கத்தொகை நூல்கள் அதில் இல்லை. கலித்தொகை 1887இலும் புறநானூறு 1894இலும் அச்சேறியபின்னரே கற்றோர் அனைவர்க்கும் அவை எட்டின. 1700ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிக் கரையோரத்துப் பள்ளியாசிரியரும் புலவரும் எவற்றைக் கற்றனர், எவற்றைக் கற்பித்தனர் என்பதற்கு ஆண்டு குறிக்கப்பட்ட சான்றாய் இப்பட்டியல் விளங்குகிறது. தமிழ் இலக்கிய வரலாற்றில் இத்தகைய உறுதியான காலச்சான்று அரிது.

இப்போது ஆண்டுகளைச் சற்றே கவனியுங்கள். பட்டியல் முடிந்தது 1708 ஆகஸ்டில். புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் தொடங்கியது அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தலைவர் ஹாசியுசின் ஆணையால் சிறையிடப்பட்டு நான்கு மாதங்கள் கழித்து விடுதலை பெற்றார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும், முழுப் புதிய ஏற்பாடு 1715இலும் அச்சாயின. ஆகவே ஈராண்டு வாசிப்பு முந்தியது, மொழிபெயர்ப்பு பிந்தியது. நற்செய்தியை உடனே சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் நிறைந்த இருபத்து நான்கு வயது இளைஞர் தம் நாளின் பெரும்பகுதியைப் பிறருடைய நூல்களுக்கு அளித்திருக்கிறார். உரைநடைச் சொற்களுக்கென அவர் தொகுத்த அகராதி நாற்பதாயிரம் சொற்கள்வரை வளர்ந்தது. செய்யுட் சொற்களுக்கெனத் தனியே ஓர் அகராதியையும் தொகுத்தார்.

இத்துணை வாசித்தவருடைய மொழிபெயர்ப்பு அழகாய் அமைந்ததா? அமையவில்லை என்றே கூறவேண்டும். 1728இல் வீரமாமுனிவர் தம் வேதவிளக்கத்தில் தரங்கம்பாடித் தமிழை எள்ளி நகையாடினார். அவ்வேளனத்தில் சமயப் பகைமை பாதி என்றாலும் மற்றப் பாதி நியாயமானதே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. சீகன்பால்கு வாசித்த நூல்களுள் பெரும்பாலானவை செய்யுள்; அவர் எழுத விரும்பியதோ மீனவரும் வேலைக்காரரும் கேட்டு உணரும் உரைநடை. அதற்கு முன்மாதிரிகள் அன்று மிகச் சிலவே. செய்யுள் நடையைத் தெரிந்திருந்தும் அதனை விலக்கித் தெருவின் தமிழை அவர் தேர்ந்தார். தேர்வு சரி, கைத்திறன் போதவில்லை. பப்ரீஷியஸ் வந்து அக்குறையைத் தீர்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏடுகளை வாசித்ததோடு உயிருள்ள தமிழரிடமும் அவர் வினவினார். கிரண்ட்லரும் அவரும் தமிழர் பலருக்கு வினாக்கள் அனுப்பிப் பெற்ற விடைக்கடிதங்கள் 1714 முதல் ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் வெளியாயின; அவை மொத்தம் 99. கிறிஸ்தவர்களாகிய உங்கள் நாட்டார் குடிப்பதையும் சண்டையிடுவதையும் பார்த்தபின் உங்கள் மதத்தை எவ்வாறு மதிப்பது என்ற கருத்து அவற்றில் தயக்கமின்றி வருகிறது. அக்கடிதங்களில் பல, நாம் முன்பு குறிப்பிட்ட அழகப்பனின் கையால் எழுந்தவை என ஆய்வாளர் கருதுகின்றனர். இவ்வழகப்பன் சீகன்பால்குவுக்கு உதவியதற்காகவே கோட்டைத் தலைவரால் தரங்கம்பாடியை விட்டுத் துரத்தப்பட்டவர். தஞ்சை அரசின் ஆட்களால் சிறையும் கண்டவர். ஆயினும் அவர் திருமுழுக்குப் பெறவில்லை. பள்ளியாசிரியரின் மகன் கணபதி வாத்தியார் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றினார். பெயரறியாத அம்முதிய புலவரோ, ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் நடந்த அவ்வெழுத்தரோ நம் திருச்சபை வரலாற்று நூல்களில் ஒரு வரியும் பெறவில்லை. சீகன்பால்குவின் நூலறிவு என்று நாம் போற்றுவதில் இவர்களின் பங்கு மிகப் பெரிது. கிறிஸ்தவரல்லாத தமிழ் ஆசான்களிடமே தமிழ்த் திருச்சபை தன் முதல் பாடத்தைக் கற்றது எனக் கூறுவது மிகையாகாது.

இவ்வுழைப்பை ஐரோப்பா எவ்வாறு ஏற்றது? 1713இல் அவர் ‘மலபார்த் தெய்வங்களின் மரபு’ என்ற பெரிய ஆய்வை ஹாலேயிலிருந்த பிராங்கேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்கவே தொண்டர்கள் அனுப்பப்பட்டனரேயன்றி, அஞ்ஞானக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்னும் கருத்தில் பிராங்கே அதனை ஒதுக்கிவைத்தார். பிராங்கே பக்தியிற் சிறந்தவர். அநாதை இல்லமும் பள்ளிகளும் நிறுவியவர். தரங்கம்பாடிக்குப் பொருளும் அச்சுப்பொறியும் கிடைக்கச் செய்தவர். அத்தகையவரே இவ்வாறு தீர்ப்பளித்தார் என்பதால்தான் இது நாம் சிந்திக்கத்தக்கது. அந்நூல் 1867இல் ஜெர்மான் என்னும் லைப்சிக் தொண்டரால் சென்னையில் அச்சிடப்பட்டது. நூற்பட்டியலையும் அவரே 1880இல் வெளியிட்டார். மலபார்ப் புறச்சமயம் 1926இலும், மூன்று நீதிநூல்களின் மொழிபெயர்ப்பு 1930இலும் காலந்த் என்ற டச்சு அறிஞரின் முயற்சியால் வெளிவந்தன. நூற்பட்டியலின் முழுமையான ஆங்கிலப் பதிப்பு, வில் ஸ்வீட்மன் என்பவரும் இலக்குவன் என்ற தமிழறிஞரும் சேர்ந்து உருவாக்கியது, 2012இல்தான் கிடைத்தது. சீகன்பால்குவோ 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் இறந்தார். அவர் தொகுத்த ஏடுகள் சிதறின. நூல்நிலையம் ஒரு தொகுதியாய் நிலைக்கவில்லை. பட்டியல் பிழைத்தது, பட்டியலிடப்பட்டவை பெரும்பாலும் பிழைக்கவில்லை.

ஒதுக்கப்பட்ட இந்நெறி முற்றும் அழிந்துவிடவில்லை. லைப்சிக் மிஷன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1854 முதல் ‘தமிழ் நூல்நிலையம்’ என்ற வரிசையை வெளியிட்டார். அதில் திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856இல் வந்தது. நம் பழைய வேதாகமத் திருப்புதலுக்குத் தலைமை தாங்கிய பவர், அதற்கிடையே சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை முத்தையா பிள்ளை என்பவரோடு சேர்ந்து 1868இல் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு வருவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன் இது நிகழ்ந்தது. ஒரு சமண காவியத்தைப் பதிப்பித்த கையும் வேதாகமத்தைத் திருப்பிய கையும் ஒன்றே. போப்பையரைப்பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதனை எழுதும் திருவரங்குளத்திலிருந்து தரங்கம்பாடி தொலைவில் உள்ளது. இங்கே கடலுமில்லை, டேனிஷ் கோட்டையுமில்லை. ஆனால் சீகன்பால்கு கையாண்ட முறை இத்தகைய ஊருக்கே மிகவும் பொருந்தும். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள இவ்வூரின் சிவன் கோயிற் சுவர்களில் சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இவ்வூரிலிருந்து கிடைத்த சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனி புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது; சதுர தாண்டவ நிலையில் அமைந்த அத்திருமேனியைக் கலை வரலாறு கற்போர் உலகெங்கும் அறிவர். இங்குப் பணிபுரிய வரும் ஆயரோ, சபையாரின் எண்ணிக்கையையும் காணிக்கைக் கணக்கையும் அறிந்த அளவிற்கு இதனை அறிவதில்லை. ஆலங்குடி வட்டாரத்துக் கறுக்காகுறிச்சியில் 1898இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பவுல் அப்போஸ்தலன் வாழ்ந்த நூற்றாண்டில் சீசர்களின் தலை பொறித்த காசுகள் இம்மண்ணுக்கு வந்து சேர்ந்தன என்பதைச் சபையாருக்குச் சொன்னால், ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது’ என்ற திருவாக்கை அவர்கள் எத்துணை அருகில் உணர்வார்கள்!

இவ்வட்டாரத்தை நூல்களின் வழியே அறிவது கடினமும் அன்று. பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் சிறியதே எனினும், தன் வரலாற்றை எழுதிக்கொள்வதில் பெரிய மாகாணங்களை விஞ்சியது. இராதாகிருஷ்ண ஐயரின் வரலாறு 1916இல் வெளிவந்தது. சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலங்கள் 1929இல் நூலாயின. வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944வரை வெளிவந்தது. பாடிகாவல் உரிமையை ஊரார் விற்றதும் வாங்கியதும், கோயிலுக்கு நிலம் அளித்ததும், கூடிப் பேசித் தீர்த்ததும் அக்கல்வெட்டுகளில் உள்ளன. நம் சபைகளின் பெரும்பகுதி அவ்வுரிமைகள் எவற்றிலும் பங்கு பெறாத மக்களிடமிருந்து எழுந்தது என்பதை மனத்திற்கொண்டு அவற்றை வாசிக்கவேண்டும். கல்லில் பெயர் பொறிக்கப்படாதவர் யார் என்ற வினா அப்போது தானாக எழும். அவ்வினாவுக்கு விடை தேடுவதற்குக் கல்வெட்டுகள் போதா. நாட்டுப்பாடலும் நடவுப்பாடலும் ஒப்பாரியும் நம் சபை மூதாட்டிகளின் நினைவில் இருக்கின்றன. சீகன்பால்கு புலவரை அருகில் அமர்த்திக்கொண்டதுபோல் நம் ஆயர்கள் அம்மூதாட்டிகளை அமர்த்திக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை நகரில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் ஆசிரியத் தம்பதியர் தம் ஊதியத்தைக்கொண்டு சிறுகச் சிறுகச் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. அரசோ மிஷனோ செய்யாத பணியை ஒரு குடும்பம் செய்தது. நம் ஆயர் இல்லங்களிலோ நிலைமை வேறு. ஓர் ஆயர் இறந்துவிட்டால் குடும்பத்தார் குறிப்பிட்ட நாளுக்குள் வீட்டை ஒழித்துத் தரவேண்டும். நாற்பது ஆண்டுகள் சேர்த்த பழைய பதிப்புகள், கைப்பிரதிகள், சபை விழா மலர்கள், கீர்த்தனைக் கையேடுகள் ஆகியவற்றை அவருடைய மனைவி பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடுகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏடுகளை விற்ற அக்கைம்பெண்களாவது தம் கதவைத் தட்டி விலை கேட்கும் ஓர் எழுத்தரைக் கண்டார்கள். குருசேகர மன்றம் ஓர் ஆளை அனுப்பி, அந்நூல்களின் பெயர், ஆசிரியர், பொருள் ஆகியவற்றையேனும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதச் செய்து, தக்க விலையும் கொடுத்து வாங்குமானால், அதற்கு ஒரு நாட்கூலியும் ஒரு மாட்டுவண்டிச் சத்தமும் அளவான செலவே ஆகும்.